மாநிலங்களவையின் நாற்காலி: குடியரசுத் துணைத் தலைவர் பதவி, 1952 முதல் இன்றுவரை

2025 செப்டம்பர் 9ஆம் தேதி நடந்த தேர்தலில் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற முன்னாள் நீதிபதி பி. சுதர்சன் ரெட்டிக்கு 300 வாக்குகள் கிடைத்தன. மூன்று நாள் கழித்து ராதாகிருஷ்ணன் இந்தியாவின் பதினைந்தாவது குடியரசுத் துணைத் தலைவராகப் பதவியேற்றார். மாலையில் வடசென்னையிலுள்ள நம் படிப்பகத்துக்கு நாளிதழ் வாசிக்க வருபவர்களில் பலர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், சங்கப் பொறுப்புகளில் இருந்தவர்கள். அன்று அவர்களிடையே எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “தமிழ்நாட்டு ஆளு வந்திருக்காரு, சந்தோஷம். ஆனா துணைத் தலைவருக்கு அங்க என்னப்பா வேலை?”

நியாயமான கேள்வி. டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக, ஆலை வாசல்களில் நட்டிருந்த சங்கப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். தலைவர் யார், செயலாளர் யார் என்று சிறுவர்களுக்கும் தெரியும். துணைத் தலைவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். தலைவர் வராத கூட்டத்தில் அவர்களில் ஒருவர் நடுவில் உட்காருவார். அந்தப் பழக்கத்தை வைத்தே டெல்லிப் பதவியையும் நாம் எடைபோட்டு விடுகிறோம். ஆனால் அந்தப் பதவிக்குத் தினசரி வேலை ஒன்று உண்டு. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டிய வேலை அது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, குடியரசுத் துணைத் தலைவர் ஒருவர் இருப்பார் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. வேலையைச் சொல்வது 64ஆவது பிரிவு: பதவி வழியாக அவரே மாநிலங்களவையின் தலைவர். குடியரசுத் தலைவரின் இடம் காலியானாலோ, நோயாலோ வேறு காரணத்தாலோ அவரால் பணியாற்ற முடியாமல் போனாலோ, அந்த இடைவெளியை நிரப்பும் கடமை 65ஆவது பிரிவில் வருகிறது. அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிப் பேசிய அம்பேத்கர் சுற்றி வளைக்கவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் உண்மையில் இவர் மேலவையின் தலைவர், மக்களவைக்குச் சபாநாயகர் எப்படியோ அப்படி. குடியரசுத் தலைவரின் இடத்தில் தற்காலிகமாக அமர்வது கூடுதல் பணி என்பது அவர் விளக்கத்தின் சாரம். குடியரசுத் தலைவர் தேர்தலில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள், துணைத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்ற இரு அவைகளின் உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கிறார்கள் என்ற வேறுபாட்டுக்கும் அதுவே அடிப்படை. அவையை நடத்துபவரை அவைகளே தேர்ந்தெடுக்கின்றன.

சம்பளத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். குடியரசுத் துணைத் தலைவர் என்ற பெயருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான் அவருக்கு ஊதியம். 2018இல் திருத்தப்பட்டபடி மாதம் 4 லட்சம் ரூபாய். குடியரசுத் தலைவரின் பணியை ஏற்கும் நாள்களில் அவர் அவை நாற்காலியில் அமர முடியாது, அதற்குரிய ஊதியமும் நின்றுவிடும். அப்போது குடியரசுத் தலைவருக்குரிய ஊதியமும் அதிகாரமும் அவருக்கு வந்துசேரும்.

அவர் அவையின் உறுப்பினர் அல்ல. 245 பேர் கொண்ட அவையில் வாக்கெடுப்பு நடக்கும்போது அவருக்கு வாக்கு இல்லை. இரு பக்கமும் சமமாக வந்து நின்றால் மட்டும் ஒரு வாக்கு. பேசுபவருக்கு நேரம் ஒதுக்குவது, குறுக்கீட்டை நிறுத்துவது, நோட்டீஸை ஏற்பது அல்லது மறுப்பது, கட்சி தாவிய உறுப்பினரின் பதவி போகுமா என்று பத்தாவது அட்டவணைப்படி தீர்ப்பது, உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நீக்கக் கோரி மாநிலங்களவை உறுப்பினர்கள் தரும் தீர்மானத்தை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்வது: இவை அந்த நாற்காலியின் வேலைகள். 2018 ஏப்ரலில் அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிராக எதிர்க்கட்சியினர் கொடுத்த நோட்டீஸை அவைத் தலைவராக இருந்த எம். வெங்கையா நாயுடு நிராகரித்தார். 2011இல் நீதிபதி சௌமித்ர சென்னை நீக்கும் தீர்மானம், ஹமீத் அன்சாரி தலைவராக இருந்த அதே அவையில் நிறைவேறியது. இந்திய வரலாற்றில் மேலவை அப்படியொரு தீர்மானத்தை நிறைவேற்றியது அதுவே முதல் முறை. மக்களவையின் முடிவுக்குக் காத்திராமல் நீதிபதி ராஜினாமா செய்துவிட்டார்.

இத்தனை அதிகாரமும் ஒரே ஒரு தகுதியை நம்பி நிற்கிறது. நாற்காலியில் இருப்பவர் தமக்குப் பிடிக்காத பேச்சையும் முழுதாகப் பேசவிடுவார் என்று அவை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை முதலில் விதைத்தவர் நமக்குப் பக்கத்தில் பிறந்தவர், திருத்தணிக்காரரான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் படித்த கிறித்தவக் கல்லூரி அன்று தாம்பரத்தில் இல்லை. 1937 வரை அது பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. நம் டோல்கேட்டிலிருந்து இன்று மெட்ரோ ரயில் ஏறினால் சில நிலையங்கள்தான். 1952 மே மாதம் மாநிலங்களவை முதன்முதலாகக் கூடியபோது அவர் தலைவராக அமர்ந்தார். தாம் எந்தக் கட்சியையும் சேராதவர், ஆகவே எல்லாக் கட்சிகளுக்கும் உரியவர் என்று அவையிடம் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு மறந்துவிடவில்லை என்பதற்கு அவருடைய பத்தாண்டுகள் சான்று. விவாதம் சூடேறும்போது சமஸ்கிருத சுலோகம் ஒன்றையோ பைபிள் வாசகம் ஒன்றையோ சொல்லி உறுப்பினர்களைத் தணிப்பார். அவையை ஒரு குடும்பக் கூட்டம் போல ஆக்கிவிட்டார் என்று நேருவே பாராட்டியிருக்கிறார்.

தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சியும் அவருடைய காலத்தின் கடைசி நாள்களில் நடந்ததுதான். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். தம் முதல் உரையிலேயே திராவிட நாடு கோரிக்கையை எடுத்து வைத்தார். நாட்டின் ஒற்றுமையே பேச்சாக இருந்த காலம். அவையில் பெரும்பான்மையோருக்கு அந்தக் கோரிக்கை கசப்பானது. குறுக்கீடுகள் வந்தன. ஆனாலும் அவர் பேசி முடித்தார், சொன்னது முழுவதும் அவைக் குறிப்பில் ஏறியது. மறு ஆண்டே பிரிவினை கேட்பதைத் தடுக்கும் பதினாறாவது திருத்தம் வந்தபோது, அதை எதிர்த்தும் அதே அவையில் பேசினார். அந்த அவையில் பேசிய பேச்சுகளால்தான் வடநாட்டுத் தலைவர்கள் அண்ணாவை முழுமையாக அறிந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு கருத்தை வாக்கால் தோற்கடிக்கலாம், பேசவிடாமல் தோற்கடிக்கக் கூடாது என்ற வழக்கம் அன்று அங்கே வேரூன்றியிருந்தது.

அடுத்து சொல்ல வேண்டியது வி.வி. கிரியின் கதை. வடசென்னையில் யாரும் இதை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது.

வராககிரி வேங்கட கிரி ரயில்வேத் தொழிலாளரிடமிருந்து வந்தவர். பெங்கால் நாக்பூர் ரயில்வே ஊழியர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர், அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரசுக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறைகள் அவரிடம் இருந்தன. பெரம்பூர் ஆலைகளும் ராயபுரம் துறைமுகக் கரையும் அந்த மாகாணத்தின் தொழில் முகமாக இருந்த நாள்கள் அவை. விடுதலைக்குப் பின் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். வங்கி ஊழியர்களுக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை அரசே குறைத்துத் திருத்தியபோது, அதை ஏற்க மனமில்லாமல் 1954 ஆகஸ்டில் பதவியை விட்டு விலகினார். சொன்ன சொல்லுக்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர் என்ற பெயர் தொழிலாளரிடையே அவருக்கு நிலைத்தது.

அவர் 1967இல் குடியரசுத் துணைத் தலைவரானார். 1969 மே 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். பதவியில் இருக்கும்போதே குடியரசுத் தலைவர் ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை. ராதாகிருஷ்ணன் காலத்திலும் துணைத் தலைவர் குடியரசுத் தலைவரின் பணியைச் செய்ததுண்டு. 1960இல் ராஜேந்திர பிரசாத் சோவியத் பயணம் போனபோதும் 1961இல் அவர் நோயுற்றிருந்தபோதும் ராதாகிருஷ்ணன் கவனித்துக்கொண்டார். ஆனால் இடம் காலியாகி, புதியவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை நாட்டின் தலைமையில் ஒருவர் நிற்க வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது. ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது சட்டம். அமெரிக்காவில் துணை அதிபர் மீதிக் காலம் முழுவதும் அதிபராகவே இருப்பார். நம் நாட்டில் துணைத் தலைவர் காவலுக்கு நிற்பவர் மட்டுமே.

அந்தக் காவல் காலத்தில் நடந்ததைப் பாருங்கள். காலியான பதவிக்குத் தாமே சுயேச்சையாகப் போட்டியிடக் கிரி முடிவு செய்தார். பொறுப்புத் தலைவராக இருந்துகொண்டே வாக்குக் கேட்பது முறையல்ல என்று ஜூலை 20ஆம் தேதி விலகினார். அதற்கு முந்தைய நாள், ஜூலை 19 சனிக்கிழமை, பதினான்கு பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் அவருடைய மேசைக்கு வந்தது. நாடாளுமன்றம் கூட இரண்டே நாள்கள் இருந்தன. கிரி கையெழுத்திட்டார். அந்தப் பதினான்கில் இரண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும். வங்கி ஊழியருக்காக 1954இல் அமைச்சர் பதவியை விட்டவரின் பேனாதான் பதினைந்து ஆண்டு கழித்து அந்த வங்கிகளை மக்கள் சொத்தாக்கியது. அன்றுவரை ஆலைத் தொழிலாளிக்கு வங்கிப் படியேறுவதே அபூர்வமாக இருந்தது. அதன் பிறகு கிளைகள் நம்மைப் போன்ற வட்டாரங்களைத் தேடி வந்தன. உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று சொன்னதும், சில நாள்களிலேயே புதிய அவசரச் சட்டம் வந்து அரசுடைமை நிலைத்ததும் பிந்திய வரலாறு. அந்தப் புதிய அவசரச் சட்டத்தில் ஒப்பமிட்டவரும் கிரியே. அப்போது அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர்.

கிரி விலகிய அன்று தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை என்றானது. அப்படி நேரலாம் என்று கணித்து அந்த மே மாதமே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். இதாயத்துல்லா பொறுப்பேற்றார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தபோது வரவேற்றவர் அவரே. குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு கிரி வென்றார். ஆகஸ்ட் 24இல் பதவியேற்றார். இதாயத்துல்லா பத்து ஆண்டு கழித்து, 1979இல் போட்டியின்றிக் குடியரசுத் துணைத் தலைவரானார். கிரியோ ஓய்வுக் காலத்தில் 1980 ஜூன் மாதம் நம் சென்னையிலேயே கண்மூடினார்.

1977இல் துணைத் தலைவராக இருந்த பி.டி. ஜாட்டி, கிரியைப் போலவே குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்க வேண்டி வந்தது. பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது மறைந்தார், மார்ச்சில் மொரார்ஜி தேசாய்க்கு ஜாட்டி பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட அவர் சற்றுத் தயங்கினார், பின்னர் ஒப்பமிட்டார். காவலுக்கு நிற்பவருக்கும் மனச்சாட்சியின் சுமை உண்டு என்பதை அந்தச் சில நாள்கள் காட்டின.

தமிழகத்திலிருந்து அடுத்து வந்தவர் ஆர். வெங்கட்ராமன். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் 1910இல் பிறந்தவர். அவரைத் தொழிற்சாலைகளை நிறுவிய அமைச்சராக எல்லோரும் அறிவார்கள். 1957இல் மக்களவை இடத்தை விட்டுவிட்டு காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்து பத்து ஆண்டுகள் தொழில் துறையைக் கவனித்தார். கிண்டியும் அம்பத்தூரும் தொழிற்பேட்டைகளாக எழுந்தன. அதற்கு முன்னால் அவர் தொழிலாளர் வழக்கறிஞர் என்பதை நம் வட்டாரம் கூடுதலாக நினைக்க வேண்டும். 1949இல் தொழிலாளர் சட்டத் தீர்ப்புகளுக்கென்றே ஒரு சட்ட இதழைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பத்திரிகையாளர் ஆகியோரின் சங்கங்களோடு கப்பல்துறைத் தொழிலாளர் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர்.

அவர் துணைத் தலைவராகி இரண்டே மாதத்தில், 1984 அக்டோபர் 31 அன்று, இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அப்போது ஏமனில் இருந்தார். புதிய பிரதமருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பது யார்? ஜெயில் சிங் அன்று மாலையே திரும்பிவந்து ராஜீவ் காந்திக்குப் பிரமாணம் செய்து வைத்தார். குடியரசுத் தலைவர் வெளிநாடு போனதாலேயே துணைத் தலைவர் அந்த இடத்தில் தானாக அமர்ந்துவிடுவதில்லை என்ற வழக்கம், நாடு தத்தளித்த அந்த நாளிலும் காக்கப்பட்டது. 1987இல் வெங்கட்ராமன் குடியரசுத் தலைவரானார். இதுவரையிலான பதினைந்து துணைத் தலைவர்களில் ஆறு பேர் அப்படி உயர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு அருகிலுள்ள இலங்கையில் இத்தகைய பதவியே கிடையாது. 1993 மே தினத்தன்று அதிபர் பிரேமதாசா கொல்லப்பட்டபோது, பிரதமர் விஜேதுங்க பொறுப்பேற்றார், பின்னர் நாடாளுமன்றம் அவரையே அதிபராகத் தேர்ந்தெடுத்தது. வாரிசு ஏற்பாட்டுக்கு மட்டும் என்றால் ஒரு தனிப் பதவி தேவையில்லை என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு. நாம் இந்தப் பதவியை வைத்திருப்பது அவை நாற்காலிக்காக.

அந்த நாற்காலியின் மீதான நம்பிக்கை அண்மை ஆண்டுகளில் தேய்ந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2024 டிசம்பரில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கரை நீக்கக் கோரி எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் கொடுத்தன. குடியரசுத் துணைத் தலைவர் ஒருவருக்கு எதிராக அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது அதுவே முதல் முறை. அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதை நிராகரித்தார். 2025 ஜூலை 21 அன்று, மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள் மாலையிலேயே, உடல்நலத்தைக் காரணம் காட்டி தன்கர் விலகினார். செப்டம்பர் வரை அந்த இடம் காலியாக இருந்தது. அவையை ஹரிவன்ஷ் நடத்தினார். நோட்டீஸ் சரியா, நிராகரிப்பு சரியா என்பதில் நம் படிப்பகத்திலேயே இரண்டு கருத்துகள் உண்டு. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எதிர்வரிசையின் நம்பிக்கையை இழந்தால் அவையே நொண்டத் தொடங்கும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. திருப்பூரிலிருந்து போயிருப்பவர் திருத்தணிக்காரர் காட்டிய வழியில் அவையை நடத்த வேண்டும் என்று தமிழர்கள் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இனி நம் வட்டாரத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. நாடாளுமன்றத்தில் துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். இவற்றில் 16 குழுக்கள் சபாநாயகரின் பொறுப்பில் இயங்குகின்றன. மற்ற எட்டுக்கும் தலைவர்களை நியமிப்பது மாநிலங்களவைத் தலைவர், அதாவது குடியரசுத் துணைத் தலைவர். அந்த எட்டில் தொழில் துறைக் குழு ஒன்று. துறைமுகங்களையும் கப்பல் போக்குவரத்தையும் கவனிக்கும் போக்குவரத்துக் குழு ஒன்று. சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்க்கும் அறிவியல் தொழில்நுட்பக் குழு இன்னொன்று. ஆலை, துறைமுகம், காற்றும் நீரும்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் வாழ்க்கையே இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. தொழிலாளர் நலக் குழுவும், மணலி சுத்திகரிப்பு ஆலை சார்ந்த பெட்ரோலியக் குழுவும் சபாநாயகர் பக்கம் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் குழுக்களின் வேலை நமக்கு எப்படி வந்து சேரும் என்பதற்குத் துறைமுகச் சட்டமே உதாரணம். பெருந்துறைமுகங்களை நடத்தும் முறையை மாற்ற 2016இல் வந்த மசோதா அந்தப் போக்குவரத்துக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு 2017இல் அறிக்கை தந்தது. மசோதா பின்னர் புதிய வடிவில் வந்து, 2021 பிப்ரவரி 10 அன்று மாநிலங்களவையில் 84க்கு 44 என்ற வாக்கில் நிறைவேறியது. அதன் பிறகுதான் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் சென்னைத் துறைமுக ஆணையமாயிற்று. ஊழியர் தரப்பில் இரண்டு பேருக்கு வாரியத்தில் இடம் அந்தச் சட்டத்திலும் இருக்கிறது. தலைமுறைகளாகத் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ராயபுரம், காசிமேட்டுக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த மசோதா குழுவின் முன் இருந்தது அப்போது தெரியும்?

நிலைக்குழுக்கள் மசோதாக்களை ஆராயும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பதுண்டு. மாநிலங்களவைக்கு மனுக்கள் குழு ஒன்றும் இருக்கிறது, அதன் உறுப்பினர்களை நியமிப்பவரும் அவைத் தலைவரே. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் படர்ந்தபோது நம் பிள்ளைகள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்தது. இவற்றை எழுதி அனுப்ப வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யார் வழியாகவும் மனுக் கொடுக்கலாம். நிலைக்குழு அறிக்கைகள் அவையின் இணையதளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. தொழில், போக்குவரத்து, சுற்றுச்சூழல் குழுக்களின் அறிக்கைகளை அச்செடுத்து நாளிதழ்களோடு சேர்த்து வைக்கவும், கருத்துக் கேட்கும் விளம்பரம் வரும்போது சங்கத்தாரும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து எழுத ஒரு மேசை ஒதுக்கவும் நம் படிப்பகம் இந்த ஆண்டிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.